உபரி இராணுவ மோட்டார் வண்டிகள்: குடியானவருக்கு ஏற்ற அளவு எது?

யுத்தம் முடிந்தால் சேனைகள் சில மாதங்களில் கலைந்துவிடும். சேனைகள் விட்டுச் செல்லும் தளவாடங்கள் கலைவதற்கோ பல வருஷங்கள் பிடிக்கும். 1945-ம் வருஷத்தில் இரண்டாவது உலக யுத்தம் முடிவுற்றபோது மூன்று கண்டங்களிலும் மோட்டார் வண்டிகள் மைதானம் மைதானமாக நின்றன. அமெரிக்காவில் மாத்திரம் அந்த யுத்த காலத்தில் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளும், இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட முக்கால் டன் டாட்ஜ் வண்டிகளும், ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட இரண்டரை டன் ஜி.எம்.ஸி. லாரிகளும் செய்யப்பட்டன. இவற்றில் மிஞ்சியவை ஏலத்துக்கு வந்தன. வாங்க முன்வந்தவர்களில் விவசாயிகள் ஏராளம். மலிவாகக் கிடைப்பதைக் கண்டவுடன் கையை உயர்த்தியவர்கள் பலர். தமக்கு எந்த அளவு வண்டி வேண்டும் என்பதை வீட்டிலேயே கணக்கிட்டுக்கொண்டு ஏலத்துக்குப் போனவர்கள் சிலரே. அந்தக் கணக்கு இன்றைக்கும் பயன்படக்கூடியது. இராணுவம் கழித்துவிடும் வண்டிகள் இன்னமும் ஏலத்துக்கு வருகின்றன. அவை சிறியது, நடுத்தரம், பெரியது என்ற மூன்று அளவுகளிலேயே வருகின்றன.

முதலில் அந்த மூன்று வண்டிகளின் இயல்பைத் தெரிந்துகொள்வது நலம். கால் டன் ஜீப்பின் சொந்த எடை சுமார் 2,450 ராத்தல். வயல்வெளியில் அது சுமக்கலாம் என இராணுவத்தார் விதித்த பாரம் 800 ராத்தல். முக்கால் டன் டாட்ஜின் சொந்த எடை சுமார் 5,650 ராத்தல். பாரம் 1,500 ராத்தல். ஜி.எம்.ஸி. லாரி ஆறு சக்கர ஸ்தானங்களிலும் எஞ்சின் சக்தி பாயும்படி அமைந்தது; சொந்த எடை சுமார் 10,000 ராத்தல், வயல்வெளிப் பாரம் 5,000 ராத்தல். நல்ல ரஸ்தாவில் இந்த லாரி இதைப் போல் இரு மடங்கு பாரம் ஏற்றிச் செல்லும்.

இந்த எண்களைச் சற்று ஊன்றிப் பார்க்க வேண்டும். ஒரு ராத்தல் சாமானைக் கொண்டுபோவதற்கு ஜீப் தன் எடையில் மூன்று ராத்தலைச் சுமந்து செல்கிறது, ஜி.எம்.ஸி. இரண்டு ராத்தலைச் சுமக்கிறது. டாட்ஜோ ஏறக்குறைய நாலு ராத்தலைச் சுமக்கிறது. நடுத்தர வண்டியே சிக்கனமானது என்று பொதுவாக எல்லோரும் எண்ணுவார்கள். ஜவுளி எடுப்பதிலும் மாடு பிடிப்பதிலும் அந்த எண்ணம் சரியாக இருக்கலாம். இங்கே அது பொய்த்துப்போகிறது.

பெட்ரோல் செலவிலும் இதே நிலைமைதான். ஜீப்பின் தொட்டி 15 அமெரிக்க காலன் கொள்ளும். அதைக் கொண்டு சுமார் 300 மைல் ஓடும் என்பது இராணுவக் கணக்கு. அதாவது காலனுக்கு 20 மைல். டாட்ஜ் 30 காலனுக்கு 240 மைல், அதாவது காலனுக்கு எட்டு மைல். ஜி.எம்.ஸி. 40 காலனுக்குச் சுமார் 300 மைல், அதாவது ஏழரை மைல். (அமெரிக்க காலன் ஒன்று ஏறக்குறைய 3.8 லிட்டர்.) டாட்ஜுக்கும் ஜி.எம்.ஸி.க்கும் பெட்ரோலில் வித்தியாசம் காலனுக்கு அரை மைல்தான். பாரத்திலோ மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். அகலத்தை எடுத்துக்கொண்டாலும் அப்படியே. ஜீப்பின் அகலம் 5 அடி 2 அங்குலம், டாட்ஜ் 7 அடிக்கு ஓர் அங்குலம் குறைவு, ஜி.எம்.ஸி. 7 அடி 4 அங்குலம். ஆகவே ஜீப் நுழையும் வண்டிப் பாதையில் டாட்ஜ் நுழையும் என்று நம்பி வாங்கியவர் வேலிப் படலைப் பிடுங்கி நட வேண்டியிருக்கும். வாய்க்கால் கரையில் எதிரே மாட்டு வண்டி வந்தால் டாட்ஜும் லாரியைப் போலவேதான் வழிமறித்து நிற்கும்.

ஒரு மிராசுதாரின் கணக்கு

விஷயம் நன்றாக விளங்குவதற்கு ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு மிராசுதாருக்கு இருபது ஏக்கர் நஞ்சை இருக்கிறது. வீட்டிலிருந்து கமிட்டி மார்க்கெட்டும் ரயில் ஸ்டேஷனும் நாலு மைல். அறுவடைக்கு ஏக்கருக்கு இருபது மூட்டை வீதம் 400 மூட்டை நெல் காண்கிறது. மூட்டை ஒன்று 75 கிலோ, அதாவது 165 ராத்தல். மண் பாதை. இவர் எந்த வண்டியை வாங்குவது?

அறுவடையை மனத்தில் வைத்துக்கொண்டு அவர் ஏலத்துக்குப் போனால் கண் நேரே பெரிய லாரியின்மேல்தான் விழும். அதில் மண் பாதையிலும் முப்பது மூட்டை ஏற்றலாம். பதினாலு நடையில் 400 மூட்டையும் போய்ச் சேர்ந்துவிடும். போக வர எட்டு மைல் வீதம் 112 மைல். 15 காலன் பெட்ரோல். ஜீப்பிலோ, ஓட்டுகிறவர் ஒருவரும் துணையாள் ஒருவரும் ஏறிக்கொண்டால் 800 ராத்தலில் மிஞ்சுவது மூன்று மூட்டைக்குத்தான் இடம். இரட்டை மாட்டு வண்டியில் பத்து மூட்டை ஏற்றிப் பழகியவர் இதைக் கேட்டுச் சிரிக்கக்கூடும். சிரிப்பதிலும் நியாயம் உண்டு. ஜீப்புக்கென்று இராணுவத்தார் செய்த இரண்டு சக்கர டிரெய்லரைப் பின்னால் பூட்டினால் வயல்வெளியில் இன்னும் 500 ராத்தல், அதாவது மேலும் மூன்று மூட்டை ஏறும். ஆக ஆறு மூட்டை, 67 நடை, 536 மைல். டிரெய்லரை இழுக்கும்போது பெட்ரோல் சற்று அதிகம் ஆகுமாதலால் 30 காலன் என்று வைத்துக்கொள்ளலாம். டாட்ஜில் ஆட்கள் இருவரின் எடை போக ஏழு மூட்டை, 58 நடை, 58 காலன். மூன்றிலும் அதிகச் செலவு டாட்ஜுக்கே என்பது கவனிக்கத்தக்கது.

அறுவடையில் மட்டும் பார்த்தால் பெரிய லாரி ஜீப்பைக் காட்டிலும் 15 காலன் மிச்சப்படுத்துகிறது. ஆனால் அறுவடை வருஷத்தில் சில தினங்களே. மற்ற நாட்களில் வண்டி என்ன செய்கிறது? பால் தவலை, இரண்டு மூட்டை எரு, பம்பு ரிப்பேர் சாமான், வேலையாட்கள் மூவர், பள்ளிக்கூடம் போகும் குழந்தைகள், தாலுகா ஆபீஸ் பிரயாணம். தினம் 16 மைல் வீதம் வருஷத்தில் 300 நாள் ஓடினால் 4,800 மைல். ஜீப்புக்கு 240 காலன் போதும். டாட்ஜுக்கு 600 காலன். ஜி.எம்.ஸி.க்கு 640 காலன். அறுவடையில் 15 காலன் மிச்சம் பிடித்துக் கொடுத்த லாரி, மற்ற நாட்களில் 400 காலனைக் கூடுதலாகக் குடித்துவிடுகிறது. அது சுமார் 1,500 லிட்டர். இன்றைய விலையில் அதற்கு எத்தனை மூட்டை நெல்லை விற்க வேண்டும் என்பதை அவரவரே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஜீப்பில் 67 நடை போவது கால நஷ்டம் அல்லவா என்று கேட்கலாம். உண்மைதான், மழை இருண்டு வரும்போது 67 நடை போக எவருக்கும் பொறுமை இராது. அதற்குப் பரிகாரம் அறுவடை நாட்களில் இரண்டு தினத்துக்கு ஒரு லாரியை வாடகைக்கு அமர்த்திக்கொள்வது. நாலைந்து மிராசுதார்கள் கூடி அமர்த்தினால் வாடகையும் பங்காகும். வருஷத்தில் இரண்டு நாளைய வேலைக்காக முந்நூறு நாளும் லாரியை வளர்ப்பதென்பது, ஒரு கல்யாணச் சமையலுக்கு வேண்டுமென்று வாங்கிய அண்டாவில் தினமும் கஞ்சி காய்ச்சுவதைப் போன்றது.

டயர், கியர், மேற்கூரை

அன்றாட ஓட்டத்தில் பெட்ரோலுக்கு அடுத்த பெரிய செலவு டயர். ஜீப்பின் டயர் 6.00-16 என்ற அளவு; அந்தக் காலத்துச் சாதாரணக் கார்களுக்கும் அதுவே வழக்கமான அளவாகையால் எந்தக் கடையிலும் கிடைத்தது. ஜி.எம்.ஸி.யின் 7.50-20 டயரும் சிவில் லாரிகளில் வழங்கியதுதான். ஆனால் ஸ்டெப்னியோடு பதினொன்று வேண்டும். டாட்ஜின் 9.00-16 இராணுவ அளவு. உபரிச் சரக்கு தீர்ந்தவுடன் தேட வேண்டியதாயிற்று. மூன்று வண்டிகளுக்கும் இராணுவத்தார் போட்டிருந்த கட்டைப் பல் டயர்கள் சேற்றுக்கென்று செய்யப்பட்டவை. கெட்டி ரஸ்தாவில் அவை இரைந்துகொண்டு ஓடும், விரைவில் தேயும், மழையில் நனைந்த தார் ரஸ்தாவில் பிரேக் போட்டால் வழுக்கும். பெரும்பகுதி தார் ரஸ்தாவிலேயே ஓடுகிறவர்கள் அவற்றைக் கழற்றி விற்றுவிட்டுச் சாதாரண டயர் போட்டுக்கொள்வது உத்தமம்.

நான்கு சக்கரங்களுக்கும் சக்தி பாய்வதை ஒரு பெரிய பாக்கியமாகக் கருதி, எந்நேரமும் முன் அச்சைச் சேர்த்தே ஓட்டுகிறவர்கள் உண்டு. இது தவறு. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் உருளுகின்றன. சேற்றில் சக்கரம் சற்று வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும். கெட்டி ரஸ்தாவில் வழுக்க இடமில்லாமையால் அச்சுத் தண்டுகளும் கியர்ப் பெட்டியும் முறுக்கேறித் தேயும். சேறு கண்ட இடத்தில் சேர்ப்பதும், கரை ஏறியவுடன் விடுவிப்பதுமே முறை. ஒரே அச்சில் ஒரு பக்கம் புது டயரும் மறுபக்கம் தேய்ந்த டயரும், அல்லது முன்னே ஓர் அளவும் பின்னே ஓர் அளவும் போட்டு ஓட்டினாலும் இதே கேடு நேரும்.

ஜீப்பை இவ்வளவு சிலாகித்த பின் அதன் குறைகளையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. அதற்குக் கதவு இல்லை, கித்தான் கூரை, ஐப்பசி மழையில் உள்ளிருப்பவர் நனையாமல் ஊர் சேர்வது அரிது. டயரின் நடுவிலிருந்து எதிர் டயரின் நடுவுக்கு 49 அங்குலமே; உயரமாகவும் குறுகலாகவும் இருப்பதால் வேகமாகத் திருப்பினால் கவிழும். மணிக்கு 65 மைல் வரை போகும் என்று எழுதியிருந்தாலும் 40 மைலுக்கு மேல் அதை ஓட்டுவது விவேகமல்ல. கியர்ப் பெட்டி சற்றுப் பலவீனமானது. பழைய வண்டிகளில் இரண்டாவது கியர் தானாகக் கழன்றுகொள்ளும். சாலையில் ஓட்டிப் பார்க்கும்போது இரண்டாவது கியரில் ஏற்றி, காலைச் சட்டென்று எடுத்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

டாட்ஜ் யாருக்குமே உதவாது என்பதும் சரியல்ல. 92 குதிரைச் சக்தியுள்ள அதன் ஆறு சிலிண்டர் எஞ்சின் முரட்டு உழைப்பாளி. மலைத் தோட்டங்களில் ஏழெட்டு ஆட்களையும் கருவிகளையும் ஏற்றிக்கொண்டு செங்குத்தான பாதையில் ஏறவும், முன்புற வின்ச் உள்ள வண்டியானால் சாய்ந்த மரத்தையோ சேற்றில் இறங்கிய லாரியையோ இழுக்கவும் அதற்கு நிகர் இல்லை. அத்தகைய வேலை வாரத்தில் நாலு நாள் இருக்கிறவர் அதைத் தாராளமாக வாங்கலாம். சமவெளி நஞ்சைக்காரருக்கு அந்த வேலை இல்லை.

உற்பத்தியாளர்களே இந்த வண்டிகளைக் குறித்து என்ன முடிவுக்கு வந்தார்கள் என்பதைப் பார்த்தாலும் உண்மை புலப்படும். 1945-ம் வருஷத்தில் வில்லிஸ் கம்பெனியார் விவசாயிகளுக்கென்று ஜீப்பைத் திருத்தி சி.ஜே.-2ஏ என்ற பெயரில் வெளியிட்டபோது, உறுதியான கியர்ப் பெட்டியைப் போட்டார்கள். பின்புறம் சாமான் ஏற்றத் திறக்கும் பலகை வைத்தார்கள். எஞ்சின் சக்தியைப் பின்னால் எடுத்து வேறு யந்திரங்களை ஓட்டும் வசதியையும் கொடுத்தார்கள். பாரம் இழுப்பதற்கு ஏற்றவாறு அச்சுப் பல்விகிதத்தை 4.88-லிருந்து 5.38 ஆக்கினார்கள். வண்டியின் அளவை மாற்றவில்லை. டாட்ஜ் கம்பெனியாரோ 1946-ம் வருஷத்தில் 'பவர் வாகன்' என்ற வண்டியை வெளியிட்டபோது, முன் பின் அச்சுகளின் இடைத்தூரத்தை 98 அங்குலத்திலிருந்து 126 அங்குலமாக நீட்டினார்கள்; முக்கால் டன்னை ஒரு டன் ஆக்கினார்கள்; முக்கால் டன் இராணுவ வண்டியில் இல்லாத மந்தகதிக் கியரையும் சேர்த்தார்கள். நடுத்தர வண்டியின் அளவு சிவில் உபயோகத்துக்குப் போதாது என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்லக்கூடும்? இங்கிலாந்தில் ரோவர் கம்பெனியின் தலைமை இஞ்சினியராயிருந்த மாரிஸ் வில்க்ஸ், வேல்ஸ் தேசத்து ஆங்கிள்ஸீ தீவிலுள்ள தம் பண்ணையில் உபரி ஜீப் ஒன்றை வைத்துக்கொண்டிருந்தார். அந்த அனுபவத்திலிருந்தே 1947-ல் லாண்ட் ரோவர் உருவாக ஆரம்பித்து, 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் காட்சியில் வெளியாயிற்று. அதன் அச்சு இடைத்தூரம் ஜீப்பினுடையதே: 80 அங்குலம்.

நம் நாட்டு வண்டிகள்

இந்தியாவில் அந்த யுத்த காலத்தில் மிகுதியாக வழங்கியவை கனடா தேசத்து போர்டு, ஷெவர்லே இராணுவ வண்டிகள். பாகங்களாகப் பெட்டிகளில் வந்து இங்கேயே பூட்டப்பட்டவை பல. பதினைந்து ஹண்டர்வெயிட், முப்பது ஹண்டர்வெயிட், மூன்று டன் என்று அவற்றுக்கும் மூன்று பிரதான அளவுகள் உண்டு. அமெரிக்க வண்டிகளில் ஸ்டியரிங் இடப்புறம் இருந்தது, இவற்றில் வலப்புறம். இடப்புறமாகச் செல்லும் நம் ரஸ்தாக்களில் முன்னே போகும் வண்டியைத் தாண்டும்போது இது பெரிய அனுகூலம். எஞ்சின் சாதாரண போர்டு, ஷெவர்லே எஞ்சின்களாகையால் உதிரிப் பாகங்களுக்குக் கஷ்டமில்லை. டயர்கள் மட்டும் இராணுவ அளவு. மூக்கைக் குறுக்கிச் செய்த வண்டிகளாதலால் எஞ்சின் ஓட்டுகிறவரின் காலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. சித்திரை வெயிலில் அந்த உஷ்ணத்தோடு தினம் முப்பது மைல் போவதென்றால் தனி வைராக்கியம் வேண்டும். ஆயினும் பர்மாவில் இந்த லாரிகள் பஸ்களாகப் பல வருஷங்கள் உழைத்தன என்பது அவற்றின் உறுதிக்குச் சான்று.

பின்னாளில் ஜபல்பூர் இராணுவ வண்டித் தொழிற்சாலையில் செய்யப்பட்டவையும் இதே மூன்று வகுப்பில் அடங்கும். சிறியது ஜோங்கா, 1969 முதல் 1999 வரை செய்யப்பட்டது. நடுத்தரம் ஒரு டன் நிஸ்ஸான். பெரியது சக்திமான் லாரி, 1959-ல் ஆரம்பமாயிற்று. இங்கே ஒரு விசேஷம் உண்டு. ஜோங்காவுக்கும் ஒரு டன் வண்டிக்கும் எஞ்சின் ஒன்றே: நாலு லிட்டர் பெட்ரோல் எஞ்சின். ஆகவே பெட்ரோல் விஷயத்தில் ஜோங்கா பழைய ஜீப்பைப் போலச் சிக்கனமானதல்ல. இதனால் பலர் அதைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் வைத்துக்கொண்டார்கள். அப்படிச் செய்வதற்கு 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி பதிவு அதிகாரியின் அனுமதி தேவை. அனுமதியின்றி எஞ்சின் மாற்றிய வண்டியை மலிவாகக் கொடுக்கிறார்கள் என்று வாங்கினால், விற்றவர் தப்பிக்கொள்வார். வாங்கியவர் ஆபீசுக்கு அலைவார். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிக்குப் பெர்மிட்டும் வேண்டும் என்பதையும் மறக்கலாகாது. பாரம் ஏற்றிய பழைய டாட்ஜின் எடையே அந்த வரம்பைத் தாண்டிவிடும்.

வாங்கும் சமயத்தில்

உபரிச் சாமான் என்றாலே புதுச் சாமான் என்று ஒரு மயக்கம் ஜனங்களிடையே உண்டு. பெட்டியில் அடைத்தபடியே ஐம்பது டாலருக்கு ஜீப் கிடைக்கிறது என்ற வதந்தி அமெரிக்காவில் யுத்தத்துக்குப் பின் வெகு காலம் உலவியது. அந்தப் பெட்டியைத் தேடி ஏமாந்தவர்கள் அநேகர். பெரிய அரசாங்கங்களும் இதில் தவறியதுண்டு. 1948-ல் இந்திய இராணுவத்துக்கென்று பழுதுபார்த்த ஜீப்புகள் 2,000 வாங்க லண்டனில் ஒப்பந்தம் செய்யப்பட்டது. வந்து சேர்ந்தவை 155 மாத்திரமே, அவையும் உபயோகத்துக்குத் தகுதியற்றவை என்று கண்டு பார்லிமெண்டு வரையில் விவகாரம் முற்றிற்று. நேரில் பார்க்காமல் முன்பணம் கொடுப்பது குடியானவருக்குத் தகாது.

பார்க்கப் போகும்போது ஒரு மெக்கானிக்கை உடன் அழைத்துப்போவதற்கு ஆகும் கூலி வீண் செலவல்ல. எஞ்சின் எண்ணெய் மோர் போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. முன் சக்கரம் திரும்பும் குமிழைச் சுற்றி மசகு ஒழுகினால் சீல் போயிருக்கிறது. அங்கே மண் புகுந்து இணைப்பைத் தின்றிருக்கவும் கூடும். சட்டத்தில் குறுக்குக் கட்டைகள் சேருமிடத்தைத் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். புதுப் பெயிண்டுக்கடியில் வெடிப்பு மறைந்திருக்கும். வெகு நாள் நின்ற வண்டியின் டயர் பார்வைக்குப் புதிதாயிருந்தாலும் பக்கவாட்டில் நகத்தால் அழுத்தினால் கீறல் கீறலாகப் பிளக்கும். டாஷ் பலகையில் தகடு இருந்தால் அதைப் படித்துப் பார்ப்பது நல்லது. எடை, ஒவ்வொரு கியரிலும் போகக்கூடிய வேகம் முதலியவை அதில் பொறித்திருக்கும்.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டிய காரியமும் ஒன்று உண்டு. பாரம் ஏற்றிய ஜீப்பின் மொத்த எடை ஒன்றரை டன்னுக்குள் அடங்கும். மாட்டு வண்டிக்கென்று கட்டிய மதகுப் பாலம் அதைத் தாங்கிக்கொள்ளும். நல்ல ரஸ்தாவில் ஏற்றும் முழுப் பாரத்தோடு ஜி.எம்.ஸி. ஒன்பது டன், சக்திமானும் அந்த வகுப்பைச் சேர்ந்ததே. கிராமத்தில் எவரேனும் இத்தகைய லாரி வாங்கினால், அது களத்துக்குப் போகும் வழியிலுள்ள மதகுகளை முன்கூட்டியே பார்வையிட்டு, பலவீனமானவற்றுக்கு அருகே எடை வரம்பைப் பலகையில் எழுதி நடச் செய்ய வேண்டும். மதகு இடிந்தால் அந்த மடை நீரை நம்பியிருக்கும் நிலங்களெல்லாம் பாசனமின்றித் தவிக்கும்.

கடைசியாக, இராணுவ டிப்போவில் கொடுக்கும் விற்பனைச் சீட்டிலுள்ள சேஸிஸ் நம்பரும், வண்டியின் சட்டத்தில் வெட்டியிருக்கும் நம்பரும் ஒன்றாயிருக்கிறதா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே ஒத்துப்பார்த்துக்கொள்ள வேண்டும். நடுவில் தரகர் கை மாறிய வண்டியானால் முதல் ஏலச் சீட்டையே கேட்டு வாங்க வேண்டும். நகலைக் காட்டி நாளைக்கு அசலைத் தருகிறேன் என்று சொல்லுகிறவரிடம், அசல் வரும் நாளில் பணத்தோடு வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம்.